காயக்கட்டில் துளைப்பொருள்கள்: மருந்து விடுவிப்பும் கலைச்சொல் தெளிவும்

முன்னுரை

காயத்தை மூடிக் காப்பதே கட்டின் பணி என்பது நெடுங்காலக் கருத்து. ஈரம் காக்கப்பட்ட காயத்தில் புதுத்தோல் விரைந்து படர்வதைப் பன்றிகளிடம் நிகழ்த்திய ஆய்வின்வழி ஜார்ஜ் விண்டர் 1962இல் நிறுவினார். இன்று கட்டு, மருந்தை அளவோடு வழங்கும் ஊடகமாகவும் ஆராயப்படுகிறது. இத்துறையைத் தமிழில் எழுதுங்கால் ‘நுண்துளை’ என்னும் ஒரு சொல்லே எல்லா அளவுத் துளைகளையும் குறிப்பதால் எழும் பொருள்மயக்கத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

இருவகைத் துளை, இருவகைப் பணி

நுரைக்கட்டின் துளைகள் மைக்ரோமீட்டர் அளவின. காயத்தின் கசிவுநீரை உறிஞ்சுவன. இத்தகைய கட்டில் மருந்தை நேரடியாக ஊறவைத்தால் அதன் பெரும்பகுதி தொடக்கத்திலேயே வெளியேறிவிடக்கூடும். பின்னர் எஞ்சும் குறைந்த அளவு, கிருமிகளை அழிக்காமல் அவற்றின் எதிர்ப்பாற்றல் வளர இடமளிக்கும். இதனைத் தவிர்க்க, நானோமீட்டர் அளவுத் துளைகளையுடைய சிலிக்காத் துகள்கள் கட்டில் சேர்க்கப்படுகின்றன. 1992இல் அறிவிக்கப்பட்ட எம்.சி.எம்.-41 என்னும் சிலிக்காவில், 2001இல் இபுபுரூஃபன் ஏற்றிக் காட்டப்பட்டது. துளைச்சுவரில் ஒட்டிய மருந்து சிறிதுசிறிதாகப் பரவி வெளிவருகிறது. அமிலத்தன்மையுடைய மருந்தாயின், சுவரில் அமீன் தொகுதிகளை இணைத்து விடுவிப்பை மேலும் தாமதப்படுத்தலாம்.

சொல்லும் பொருளும்

பன்னாட்டு வேதியியல் வகைப்பாடு துளைகளை மூன்றாகப் பகுக்கிறது: 2 நானோமீட்டருக்கு உட்பட்டவை, 2 முதல் 50 வரையுள்ளவை, 50க்கு மேற்பட்டவை. ‘மருந்து நுண்துளைகளில் ஏற்றப்பட்டது’ என்னும் தொடர் இம்மூன்றில் எதனைச் சுட்டுகிறது என்பது விளங்காது. பல நானோமீட்டர் பருமனுள்ள புரதமருந்து முதல் வகைத் துளையுள் நுழையவே இயலாது. ஆகவே சொல்லின் மயக்கம் செய்தியின் பிழையாகிறது.

‘புரை’ என்னும் சொல் துளையைக் குறிக்க ஏற்றதே. எனினும் ‘புரையோடிய புண்’ என்னும் வழக்கு காயத்தின் உட்குழிவைச் சுட்டுவதால், காயக்கட்டு பற்றிய எழுத்தில் அது புதிய குழப்பம் விளைக்கும். எனவே நுண்துளை, இடைத்துளை, பெருந்துளை என முறையே வழங்குவதும், பொதுமையில் ‘துளைப்பொருள்’ என்பதும் பொருந்தும்.

முடிவுரை

இப்பகுப்பின்படி நுரைக்கட்டு பெருந்துளைப் பொருள். அதில் சேரும் சிலிக்கா இடைத்துளைப் பொருள். உறிஞ்சுவது ஒன்று, விடுவிப்பது மற்றொன்று என்னும் அடிப்படை வேறுபாடு சொல்லளவிலேயே புலப்படுகிறது. கலைச்சொல்லாக்கம் ஒலிபெயர்ப்பா மொழிபெயர்ப்பா என்னும் வினாவோடு நில்லாமல், பொருளின் அளவையும் பணியையும் அறிந்து அமைதல் வேண்டும்.