‘பாதி மாத்திரைதானே, சார்?’

சர்க்கரைக்கு, பிரஷருக்கு, கொலஸ்ட்ராலுக்கு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும் பெரியவர்கள், ராத்திரி மாத்திரைக்கு வந்ததும் “அது ஒண்ணுமில்லை, தூங்கறதுக்குச் சின்னதா ஒண்ணு” என்று முடித்துவிடுவார்கள். பலர் அதையும் சொல்வதில்லை. அல்ப்ரசோலம், குளோனசிபாம், லோரசிபாம், டயசிபாம், சோல்பிடெம்: அட்டையில் எந்தக் கம்பெனிப் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் இவற்றில் ஒன்று. எப்போதோ வீட்டில் ஒரு சாவு விழுந்த வாரத்தில், அல்லது ஆபரேஷனுக்குப் பிறகு பத்து நாளுக்கு என்று எழுதிக் கொடுத்தது. பத்து நாள் பத்து வருஷமாகியிருக்கும். தொடரச் சொல்லி யாரும் எழுதவில்லை, நிறுத்தச் சொல்லியும் யாரும் எழுதவில்லை.

“0.25தானே, அதிலும் பாதிதான்”

மில்லிகிராமைப் பார்த்து வீரியத்தை எடைபோட முடியாது. அல்ப்ரசோலம் 0.5 மி.கி., டயசிபாம் 5 முதல் 10 மி.கி.க்கு ஏறக்குறைய ஈடு. பாராசிட்டமால் 650 புழங்கும் வீட்டில் 0.25 அற்பமாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.

பெரிய விஷயம் வேறு. நாற்பத்தைந்து வயதில் செய்ததையே அந்த மாத்திரை எழுபத்தைந்திலும் செய்யும் என்று நம்பிவிடுகிறோம். வயது ஏற ஏற உடம்பில் சதை குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. டயசிபாம் கொழுப்பில் தங்கிக்கொள்ளும் மருந்து. கல்லீரலும் முன்போல வேகமாக அதைக் கரைத்து அனுப்புவதில்லை. ரத்தத்தில் டயசிபாம் பாதியாகக் குறைய 20 வயதில் சுமார் 20 மணி நேரம், 80 வயதில் சுமார் 90 மணி நேரம் என்று 1970களிலேயே அளந்து சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை ராத்திரி போட்டதில் பாதி வெள்ளிக்கிழமை மதியமும் உள்ளே இருக்கிறது. அதன் தலையில் செவ்வாய், புதன், வியாழன் மாத்திரைகள் வேறு. லோரசிபாம் போன்றவை இவ்வளவு நாள் தங்குவதில்லை. ஆனால் முதுமையில் மூளையே இந்த மருந்துகளுக்குக் கூடுதலாக மசிகிறது.

விளைவு விடியற்காலை மூன்று மணிக்குத் தெரியும். சிறுநீர் முட்டி எழுந்தவருக்குக் கண் விழித்திருக்கும், கால் விழித்திருக்காது. தசை தளர்ந்திருக்கும், தடுமாறினால் சட்டென்று சுவரைப் பிடிக்கும் வேகம் கைக்கு இருக்காது. ஈரமான பாத்ரூம் தரையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், “வழுக்கி விழுந்துட்டார்” என்றுதான் கேஸ் ஷீட்டில் ஏறும். மாத்திரை ஏறாது. அமெரிக்க முதியோர் மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991இல் தொடங்கிவைத்த, வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் இன்றும் நடப்பில் இருக்கிறது. அது 2023இல் புதுப்பிக்கப்பட்டபோதும், வலிப்பு மாதிரியான சில தேவைகளை விட்டால், அல்ப்ரசோலம், டயசிபாம் வகை முழுவதும் தவிர்ப்புப் பக்கத்திலேயே நிற்கிறது.

“இது புது மருந்து, சேஃப்” என்று சொல்லப்படும் சோல்பிடெமும் அதே பக்கம்தான். பெண்களுக்கான அளவைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013இல் உத்தரவிட்டது. தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, வண்டி ஓட்டுவது போன்றவற்றுக்காக 2019இல் கட்டம் கட்டிய எச்சரிக்கையும் சேர்ந்தது. 1960களில் பழைய தூக்க மருந்தான பார்பிசுரேட்டுக்குப் பதிலாக லிப்ரியமும், வேலியம் என்ற பெயரில் டயசிபாமும் வந்தபோதும் சொன்னது இதே வார்த்தை: சேஃப்.

“மாத்திரை போடலைன்னா பொட்டுத் தூக்கம் வராது”

60 வயது கடந்தவர்களிடம் நடந்த 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை 2005இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. மாத்திரையால் கூடிய தூக்கம் சராசரியாக 25 நிமிடம். பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் நாம் அதைவிட அதிக நேரம் நின்றிருக்கிறோம். 13 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குத் தூக்கம் மேம்பட்டது. 6 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குக் கெடுதல் நேர்ந்தது. பிறகு ஏன் ஒரு நாள் விட்டாலும் கண் மூடுவதில்லை? பழகிய மூளை மருந்தைக் கேட்கிறது, அவ்வளவுதான். அந்த ஒரு ராத்திரியை வைத்து மாத்திரை இல்லாமல் வாழவே முடியாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இந்த ஊரில் அடிக்கடி காணும் கதை ஒன்று உண்டு. திருச்சியிலோ காரைக்குடியிலோ வீட்டைப் பூட்டிவிட்டு, பெல்லந்தூரில் பதினோராவது மாடியில் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்த அம்மா. காலை ஒன்பதுக்கு வீடு காலி. கீழே இறங்கினால் பேச ஆளில்லை, கன்னடம் வராது, வெயில் மேலே படுவதில்லை. மதியம் சீரியலுக்கு முன்னால் இரண்டு மணி நேரக் கண்ணயர்வு. ஐந்து மணிக்கு டிகிரி காபி. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் எட்டரைக்கே படுக்கை, ஒன்றரைக்கு விழிப்பு. கூட்டிப் பாருங்கள், ஏழு மணி நேரம் தூங்கியாகிவிட்டது. இதற்குத் தூக்கமின்மை என்று பெயர் வைத்து அல்ப்ரசோலம் கொடுக்கிறோம்.

எல்லார் கதையும் இப்படி இல்லை. நீர் பிரியும் பிரஷர் மாத்திரையை ராத்திரியில் போடுவது, புரோஸ்டேட், முழங்கால் வலி, வெளியே தெரியாத மனச்சோர்வு எதுவும் காரணமாக இருக்கலாம். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருபவருக்குத் தூக்க மாத்திரை இரட்டை ஆபத்து. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மருந்தைவிட முதலில் பழக்கத்தை மாற்றும் சிகிச்சையைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் சொன்னது. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, வராமல் புரண்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவது, படுக்கையில் கிடக்கும் நேரத்தையே குறைப்பது. முதல் இரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும்.

“சீட்டு இல்லாமலே கிடைக்குதே!”

கிடைக்கக் கூடாது. அல்ப்ரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம் ஆகியவை 2014 மார்ச் முதல் எச்1 பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

இதற்குப் பயந்து “அவில் போட்டா நல்லா தூக்கம் வருது” என்று போகிறவர்கள் இன்னொரு குழியில் விழுகிறார்கள். பழைய அலர்ஜி மாத்திரைகளும் அவை கலந்த சளி சிரப்புகளும் முதியவர்களுக்கு வாய் வறட்சி, மலச்சிக்கல், மனக்குழப்பம் தரும். புரோஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டு நடுராத்திரி ஆட்டோ பிடிக்க வேண்டிவரும்.

“அம்மாவுக்கு மறதி, வயசாச்சுல்ல”

இருக்கலாம். ஆனால் டிமென்ஷியா என்று முத்திரை குத்துமுன் ராத்திரி மாத்திரையைப் பாருங்கள். புதிதாக ஒன்றை மனதில் பதியவிடாமல் செய்வது இந்த மருந்துகளின் இயல்பு. அதே சமயம், இவை டிமென்ஷியாவையே கொண்டுவரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையும் அப்படியே விழுங்க வேண்டாம். 2014இல் ஓர் ஆய்வு தொடர்பு இருக்கிறது என்றது; 2016இல் வந்த இன்னொன்று இவைதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. விழுவதும் குழம்புவதும் போதாதா, எச்சரிக்கையாக இருக்க?

“சரி, இன்னிக்கே தூக்கிப் போட்டுடறேன்”

எல்லா நம்பிக்கையிலும் இதுதான் மோசம். பல மாதம் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், பதற்றம், குழப்பம், சிலருக்கு வலிப்பே வரும். தெலங்கானாவில் அல்ப்ரசோலம் கலந்த கள்ளுக்குப் பழகியவர்கள் அது கிடைக்காத நாளில் வலிப்போடு ஆஸ்பத்திரிக்கு வருவதை அங்குள்ள மருத்துவர்கள் அறிவார்கள். டாக்டர் மேற்பார்வையில் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5, 10 சதவீதம் என்று குறைப்பதே இப்போதைய வழிகாட்டல். மாதக் கணக்காகும்.

ஆஸ்பத்திரியிலும் இதே வம்பு நேர்கிறது. இடுப்பு ஆபரேஷனுக்கு அப்பாவைச் சேர்க்கும்போது ராத்திரி மாத்திரையை யாரும் சொல்வதில்லை. இரண்டாம் நாள் டிரிப் ஊசியைப் பிடுங்குகிறார், ஆள் தெரியாமல் பேசுகிறார். உடனே வீட்டார், “ஊசி போட்டுத் தூங்க வைங்க டாக்டர்” என்கிறார்கள். பழகிய மருந்து நின்றதால் வந்த குழப்பமா, வலியா, தொற்றா என்று தெரியாமல் போடும் மயக்க ஊசி குழப்பத்தைக் கூட்டக்கூடும். அட்மிஷன் மேஜையிலேயே அட்டையை எடுத்து நீட்டுங்கள்.

முதியவர்கள் கேட்க மாட்டார்கள் என்பதும் நம்பிக்கைதான். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், வருஷக்கணக்கில் இந்த மாத்திரை சாப்பிட்டுவந்த, சராசரி 75 வயதுக்காரர்கள் 303 பேரிடம் நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு மருந்தின் ஆபத்தையும் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையையும் எளிய மொழியில் சொல்லும் சிறு புத்தகம் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் முழுவதும் விட்டுவிட்டார்கள். புத்தகம் கிடைக்காத பிரிவில் 5 சதவீதம். இங்கே தொடங்க நினைப்பவர் முதலில் குடும்ப டாக்டரிடம் கேட்கலாம். ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் முதியோர் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இலவசம். கூப்பிட்டதும் தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம்.