ஆஸ்பத்திரியில் கம்பியில்லாத் தொடர்பு

கேரள மாநிலத்தின் தென்கோடியில், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளை அடுத்து அமைந்துள்ளது குன்னத்துகால் ஊராட்சி. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது கன்னியாகுமரிப் பகுதி சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. ஆயினும் நோயுற்றோர் எல்லைக்கோட்டைப் பார்த்து ஆஸ்பத்திரியைத் தேடுவதில்லை. இவ்வூராட்சியில் உள்ள காரக்கோணத்து மருத்துவக் கல்லூரி, எவரெஸ்ட் சிகரத்தை நாடி 1922-லும் 1924-லும் சென்றவரும், நெய்யூரில் நெடுங்காலம் அறுவைச் சிகிச்சை புரிந்தவருமான டாக்டர் சாமர்வெல் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இத்தகைய எல்லைப்புற ஆஸ்பத்திரி ஆயினும், பெருநகரத்து ஆஸ்பத்திரி ஆயினும், இன்று அங்கே கம்பியில்லாத் தொடர்பு இரு வகையில் பயன்படுகிறது. நோயாளியின் இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவு ஆகியவற்றைத் தாதியரின் மேஜைக்கு அனுப்புவது ஒன்று. எக்ஸ்ரே படங்கள், மருந்துச் சீட்டுகள், அலுவலகக் கணக்குகள், பார்வையாளரின் கைப்பேசிகள் ஆகியவற்றுக்கான பொதுப் பயன் மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே ஆகாயவெளியைப் பங்கிட்டுக்கொள்வதால் எழும் பிரச்னைகளை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முன்னோடிகள்

இதயத்தின் மின்சாரச் சமிக்ஞையைத் தூரத்திற்கு அனுப்பும் முயற்சி புதியதன்று. ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் ஐந்தோவன் என்னும் விஞ்ஞானி 1905-ம் ஆண்டிலேயே, ஆஸ்பத்திரியில் இருந்த நோயாளியின் இதய மின்வரைவைச் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் இருந்த தம் ஆய்வுக்கூடத்திற்குத் தொலைபேசிக் கம்பி வழியாகப் பெற்றார். அமெரிக்கரான நார்மன் ஹோல்டர் 1940-களின் இறுதியில் அதனை ரேடியோ அலைகளின் மூலம் அனுப்பிக் காட்டினார். அவர் முதுகில் சுமந்த கருவியின் எடை ஏறக்குறைய 38 கிலோகிராம்! இன்று அதே பணியைச் சட்டைப் பையில் அடங்கும் கருவி செய்கிறது.

செய்தியின் அளவு சிறிது, அவசரம் பெரிது

மார்பின் மீது ஒட்டப்படும் மின்வாய்களில் கிடைக்கும் மின்னழுத்தம் சுமார் ஒரு மில்லிவோல்ட் மட்டுமே. கருவி இதனைப் பெருக்கி, உதாரணமாக வினாடிக்கு 250 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 12 பிட்டுகள் கொண்ட எண்ணாக மாற்றுவதாகக் கொள்வோம். அப்போது ஒரு வரைவுக்கு வினாடிக்கு 3,000 பிட்டுகள் ஆகும். 20 நோயாளிகளுக்குத் தலைக்கு மூன்று வரைவுகள் எடுப்பினும் மொத்தம் 1,80,000 பிட்டுகளே. பார்வையாளர் ஒருவர் கைப்பேசியில் சினிமாப் பார்த்தால் வினாடிக்கு 30 லட்சம் பிட்டுகள் வரை செலவாகலாம். ஆக, இருபது உயிர்களின் செய்தி ஒரு சினிமாவின் பதினைந்தில் ஒரு பங்குக்கும் குறைவே.

எனினும் சினிமா ஐந்து வினாடி தடைப்பட்டால் எவருக்கும் நஷ்டமில்லை. இதய வரைவு ஐந்து வினாடி வராவிடிலோ, "இதயம் நின்றதா, தொடர்பு அறுந்ததா?" என்னும் கேள்வி எழுகிறது. இதயம் நின்றபின் சில நிமிஷங்களில் மூளை கெடத் தொடங்கும் ஆதலால், இக்கேள்விக்கு உடனே விடை கிடைத்தாக வேண்டும். ஆகவே நல்ல கருவி, செய்தி வராதபோது திரையில் வெறும் நேர்க்கோட்டைக் காட்டலாகாது. "தொடர்பு இல்லை" என்று தனியே அறிவித்து, வேறொரு ஓசையால் தாதியை அழைக்க வேண்டும்.

நெரிசல் ஏற்படுவது எங்ஙனம்?

வைஃபை எனப்படும் முறையில் பரவலாகப் பயன்படும் அலைவரிசைகளுள் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். இதன் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். குறிப்பிட்ட ஆற்றல் வரம்புக்கு உட்பட்டு, லைசென்ஸ் இன்றி இதனை உபயோகிக்க நம் அரசாங்கம் 2005-ம் ஆண்டு அனுமதித்தது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விரிவான அனுமதி 2018-ல் கிடைத்தது. முந்தைய வரிசையில் 13 தடங்கள் இருப்பினும், ஒன்றோடொன்று கலவாமல் இயங்கத்தக்கவை 1, 6, 11 என்னும் மூன்றே. மேலும், உணவு சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே பகுதியில், 2,450 மெகாஹெர்ட்ஸில், இயங்குகிறது.

ஒரு தடத்தைப் பகிரும் கருவிகள் நற்பண்புள்ள சபையினர் போன்றவை. பேசுமுன் பிறர் பேசுகின்றனரா என்று செவிமடுக்கும். வெளி அமைதியானால் பேசும். இருவர் ஒருங்கே பேசிவிட்டால் செய்தி சிதையும். இருவரும் சிறிது நேரம் காத்திருந்து மீண்டும் முயல்வர். சபையில் கூட்டம் பெருகப் பெருகக் காத்திருக்கும் நேரமும் பெருகும். இதனாலேயே அவசரச் செய்திக்குக் காத்திருப்பைக் குறைத்து முன்னுரிமை அளிக்கும் விதிகள் பின்னர் வகுக்கப்பட்டன.

வேறு நிலையங்களின் குறுக்கீடும் அபாயம் தரக்கூடும். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 1998-ம் ஆண்டு ஒரு டெலிவிஷன் நிலையம் தன் டிஜிட்டல் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, அதே அதிர்வெண்ணைப் பயன்படுத்திய ஆஸ்பத்திரிக் கருவிகள் செயலிழந்தன. இதன் பயனாக 2000-ம் ஆண்டில் அந்நாட்டு அரசு, 608 முதல் 614 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியையும் வேறு இரு பகுதிகளையும் நோயாளிக் கண்காணிப்புக்கென ஒதுக்கியது.

தேனி தரும் பாடம்

சுவர்களுக்கு வெளியேயும் இத்தொடர்பு பயன்படும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுண்டு. தேனியிலுள்ள அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள கிராமக் கண் பரிசோதனை நிலையங்களுடன் இணைக்க, பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் வைஃபை கருவிகளையே பயன்படுத்தினர். 2006-ல் ஐந்து நிலையங்கள் இணைந்திருந்தன. கிராமத்தில் பயிற்சி பெற்ற உதவியாளர் நோயாளியின் கண்ணைப் பரிசோதிக்க, டாக்டர் தேனியிலிருந்தே படத்தின் மூலம் நோயாளியைக் கண்டு பேசினார்.

இதில் இரு இடர்கள் தோன்றின. முதலாவது, தூரம். ரேடியோ அலை ஒரு மைக்ரோ வினாடியில் 300 மீட்டர் செல்லும். 15 கிலோமீட்டரைக் கடக்க 50 மைக்ரோ வினாடி ஆகும். சாதாரண வைஃபை, பதில் அவ்வளவு தாமதமாக வரும் என எதிர்பாராது; செய்தி தொலைந்ததெனக் கருதி மீண்டும் அனுப்பும். ஆகவே செவிமடுத்துப் பேசும் முறையை நீக்கி, இரு முனைகளுக்கும் முறை வைத்து நேரம் பங்கிட்டனர். இரண்டாவது, மின்சாரம். கருவிகள் பழுதானமைக்கு முக்கிய காரணம் ரேடியோ அன்று. ஏறி இறங்கும் மின்னழுத்தமே என்பது அனுபவத்தில் தெளிவாயிற்று.

குன்னத்துகால் போன்ற மேடுபள்ளமான பகுதிகளுக்கும் இப்பாடம் பொருந்தும். இரு கோபுரங்களுக்கிடையே பார்வைக்கு மறைவு இருத்தலாகாது. மரத்தோப்பின் இலைகள் இந்த அலைகளைத் தடுக்கும். மழையில் நனைந்த இலைகள் பின்னும் மிகுதியாகத் தடுக்கும்.

கைக்கொள்ள வேண்டியவை

1. படுக்கையருகிலுள்ள கருவியே அபாய ஒலி எழுப்ப வேண்டும். கம்பியில்லாத் தொடர்பு அதற்குத் துணையேயன்றி மாற்று அன்று.

2. அசையாத கட்டிலுக்குக் கம்பியே சிறந்தது. நடமாடும் நோயாளிக்கே ரேடியோவை ஒதுக்குதல் நலம்.

3. நோயாளிக் கண்காணிப்பையும் பார்வையாளர் இணைப்பையும் தனித்தனி வலையமைப்பாகப் பிரித்து, முன்னதற்கு 5 கிகாஹெர்ட்ஸில் இடமளித்து முன்னுரிமை தருக.

4. ஈயத்தகடு பதித்த எக்ஸ்ரே அறை, தடித்த சுவர், லிப்ட் ஆகியவற்றின் அருகே அலையின் வலிமையை நடந்து அளந்த பின்னரே நிலையக் கருவிகளின் இடத்தை நிர்ணயிக்க.

5. நிலையக் கருவிகளுக்கும் மாற்று மின்சாரம் வேண்டும். வார்டில் விளக்கு எரிந்து தொடர்பு மட்டும் அணைந்தால் தாதியர் அதனை அறியார்.

6. நோயாளியின் செய்தியைச் சங்கேத முறையில் அனுப்புக; அது அவருடைய அந்தரங்கம்.

பயிற்சி வினாக்கள்

1. 30 நோயாளிகளுக்குத் தலைக்கு இரண்டு இதய வரைவுகள் வீதம் அனுப்பினால், மேற்கூறிய அளவின்படி வினாடிக்கு எத்தனை பிட்டுகள் ஆகும்?

2. 24 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலையத்தை ரேடியோ அலை அடைய எத்தனை மைக்ரோ வினாடி ஆகும்? பதில் திரும்பி வர மொத்தம் எவ்வளவு நேரமாகும்?

3. உமது ஊர் ஆஸ்பத்திரியில் மின்சாரம் நின்றால் முதலில் அணையும் கருவிகள் எவை? அவற்றுள் உயிர்காக்கும் செய்தியைச் சுமப்பவை எவை? பட்டியலிடுக.