கத்திரிக்கு முன் ராக்கைத் திறந்து பாருங்கள்

மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும். அதற்குள் உங்கள் கல்லூரியிலோ மருத்துவமனையிலோ அலுவலகத்திலோ இருக்கும் நெட்வொர்க் ராக்குக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். கல்லூரிகளுக்கு இது இன்னும் அவசரம். மே மாதம் வகுப்பு கிடையாது, லேப் பூட்டிக் கிடக்கும். ஆளில்லாத அறைக்கு ஏசி எதற்கு என்று யாராவது நிறுத்திவிட்டுப் போவார்கள். சிசிடிவியும் ஹாஸ்டல் வைஃபையும் மட்டும் இரவு பகலாக ஓடும். பூட்டிய அறைக்குள் ராக் தன் சூட்டிலேயே வேகும்.

முதலில் கணக்கு. ராக்குக்குள் போகும் மின்சாரம் ஏறக்குறைய அத்தனையும் சூடாகத்தான் வெளியே வருகிறது. யூபிஎஸ் திரையில் எத்தனை வாட் என்று பாருங்கள். அதுதான் ஏசி வெளியேற்ற வேண்டிய வெப்பம். 1 டன் ஏசி ஏட்டளவில் சுமார் 3,500 வாட் வெப்பத்தை இழுக்கும்; உச்சி வெயிலில் வெளிப்புற யூனிட் திணறும்போது அவ்வளவு இழுக்காது. கேமராவுக்கும் ஆக்சஸ் பாயிண்டுக்கும் நெட்வொர்க் கேபிள் வழியே போகும் மின்சாரம் அங்கே போய்த்தான் சூடாகும். அதைக் கழித்துக்கொள்ளலாம். நான் கழிக்க மாட்டேன். மேற்குச் சுவரும் மொட்டை மாடித் தளமும் அறைக்குள் இறக்கும் சூட்டை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கழிக்காமல் விட்டது அதற்கு ஈடாகட்டும்.

பெரும்பாலான சின்ன ராக்குகளுக்கு இந்தக் கணக்கு 600 வாட்டைத் தாண்டாது. அப்படியிருந்தும் ஸ்விட்ச் கொதிக்கிறது என்றால் ஏசி போதவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். காற்று போக வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

சுவரில் மாட்டும் 9 யு ராக்கை எடுத்துக்கொள்வோம். 1 யு என்பது 1.75 அங்குல உயரம். பேட்ச் பேனல், கேபிள் மேனேஜர், ஸ்விட்ச், ஃபைபர் எல்ஐயு (ஃபைபர் கேபிள் வந்து முடியும் பெட்டி) ஆளுக்கு 1 யு. கேமரா பதிவுக்கான என்விஆரை ஷெல்ஃபில் வைத்தால் 2 யு. ஆக 6 யு போயிற்று. மீதி 3 யு காலி என்று இன்னொரு ஸ்விட்சைச் செருகத் தோன்றும், செருகாதீர்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் இன்றைய தேவைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு இடம் விட்டு வாங்குங்கள். உயரத்தைவிட ஆழத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாதனத்தின் நீளத்தோடு, பின்னால் பிளக்கும் கேபிளும் வளைய 10 முதல் 15 சென்டிமீட்டர் சேர்த்து அளந்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

சில ஸ்விட்சுகள் முன்னால் இழுத்துப் பின்னால் தள்ளும்; சில ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் தள்ளும். கையை வைத்துப் பார்த்தாலே தெரியும். பக்கவாட்டில் தள்ளுகிற ஸ்விட்சின் பக்கத்தில் கேபிள் கட்டைத் திணித்து வைத்தால் அதன் மூச்சை அடைக்கிறீர்கள். காலி இடங்களை பிளாங்க் பேனல் போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் போன சூடு அந்த ஓட்டை வழியாகவே முன்னால் வந்து, மறுபடி உள்ளே போகும். ராக்கின் தலைமேல் இருக்கும் ஃபேன் காற்றை வெளியேதான் தள்ளுகிறதா என்று ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். தலைகீழாக மாட்டியிருப்பது அபூர்வமில்லை. தூசியையும் தட்டிவிடுங்கள்.

அறை எத்தனை டிகிரி என்பதை ஏசி ரிமோட்டில் பார்க்காதீர்கள். ராக்கின் முன்பக்கம், காற்று உள்ளே போகிற இடத்தில் தெர்மாமீட்டரைத் தொங்கவிடுங்கள். அங்கே 18 முதல் 27 டிகிரி வரை இருந்தால் போதும். 18-இல் வைத்து அறையை உறைய வைப்பது மின்கட்டணத்துக்கு மட்டும்தான் தெரியும். யூபிஎஸ் பேட்டரி 25 டிகிரிக்காக வடிவமைக்கப்பட்டது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். வயிறு உப்பிய பேட்டரியை இப்போதே மாற்றிவிடுங்கள்.

ஒரே ஏசியை 24 மணி நேரமும் ஓட்டாமல், இரண்டை வைத்து டைமரில் முறை மாற்றுங்கள். கரண்ட் போய் வந்ததும் ஏசி தானாக ஓடத் தொடங்குகிறதா என்று பிரேக்கரை இறக்கி ஏற்றிச் சோதியுங்கள். உள் யூனிட் ராக்குக்கு நேர் மேலே இருந்தால் இடம் மாற்றுங்கள். வடிகுழாய் அடைத்தால் தண்ணீர் எங்கே சொட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு ஒத்திகை. மின்வெட்டில் யூபிஎஸ் ராக்கை ஓட்டும், ஏசியை ஓட்டாது. ஒரு நாள் பிற்பகல் 2 மணிக்கு ஏசியை மட்டும் நிறுத்திவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தெர்மாமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 35-ஐத் தொட்டதும் ஏசியைப் போட்டுவிடுங்கள். எடுத்துக்கொண்ட நேரம்தான் ஜெனரேட்டர் வர உங்களுக்கு இருக்கும் அவகாசம். அது அரை மணிக்கும் குறைவு என்றால், எதை முதலில் அணைப்பது (லேப் ஸ்விட்ச்), எதைக் கடைசிவரை விடுவது (இணைய ரூட்டர்) என்று எழுதி ராக் கதவில் ஒட்டுங்கள். மே மாதம் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.