சால்வை ஏன் விறைத்து நிற்கிறது?

கேள்வி: நான் பின்னிய சால்வை அட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறது. தோளில் குழைந்து விழ என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கையில் குறையில்லை, ஊசிதான் சிறியது. நூல் லேபிளில் 3.5 மி.மீ. ஊசி என்றிருந்தால், அது ஸ்வெட்டருக்குச் சரி. சால்வைக்கு 5 மி.மீ. எடுங்கள். கண்ணிகள் தளர்ந்தால்தான் துணி குழையும்.

டிசைன் எளிமையாகவே இருக்கட்டும். 3 கண்ணியில் தொடங்கி, எல்லா வரிசையும் நேர்ப்பின்னல். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னியதும் ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். வரிசைக்கு ஒரு கண்ணி கூடி முக்கோணம் விரியும். ஓரத்தில் அழகான துளைகளும் விழும். கடைசி வரிசையை மட்டும் இறுக்கி முடித்துவிடாதீர்கள், விளிம்பு முழுச் சால்வையையும் இழுத்துப் பிடிக்கும்.

பலர் விட்டுவிடும் வேலை இதற்குப் பிறகுதான். ஆட்டுக் கம்பளி நூல் என்றால், வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவிடுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது. துண்டில் சுருட்டி அழுத்தி ஈரம் எடுங்கள். பிறகு பாயில் நன்றாக இழுத்து விரித்து, குண்டூசி குத்திக் காயவிடுங்கள். தொட்டுப் பார்த்தால் வேறு துணியோ என்று தோன்றும். அக்ரிலிக் நூல் இதற்கு அவ்வளவாக மசியாது. அதில் பெரிய ஊசியைத்தான் நம்ப வேண்டும்.