தமிழ்த் தாளையும் கணக்கில் வை

அன்புள்ள கண்ணு,

பி.ஏ. ஆங்கில இலக்கியம்தான் சேருவேன் என்று நீ பிடிவாதமாக நிற்பதையும், அதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய் என்று உன் அப்பா கேட்பதையும் உன் அம்மா போனில் சொன்னாள். சேர் என்பதுதான் என் கருத்து. ஆனால், ஆங்கிலம் சரளமாகப் பேச வந்துவிடும், பேச வந்தால் வேலை தானாகக் கிடைக்கும் என்று நினைத்துச் சேராதே. பேச்சு ஆங்கிலத்துக்கு மூன்று வருஷப் பட்டம் தேவையில்லை. நம் ஊரில் ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையில் ஆட்டோ ஓட்டுகிறவர்களும் கடை வைத்திருக்கிறவர்களும் வெளிநாட்டுக்காரர்களோடு பேசிப் பேசியே அதைக் கற்றுக்கொண்டார்கள். இலக்கிய வகுப்பு தரக்கூடியது வேறு. நீளமான ஒரு நூலை நிதானமாகப் படித்து, அதில் சொல்லியிருப்பது எது, சொல்லாமல் விட்டது எது என்று பிரித்துப் பார்த்து, அதைப் பிறருக்கு விளங்கும்படி எழுதும் பழக்கம் அங்கே வாய்க்கும். அந்தப் பழக்கத்தை வைத்து நம் மாநிலத்தில் பிழைக்க வேண்டுமானால், அது ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் போதாது, தமிழிலும் இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

ஊரில் எல்லோரும் முதலில் சொல்வது டீச்சர் வேலை என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக வேண்டுமென்றால் பட்டத்துக்குப் பிறகு பி.எட். இரண்டு வருஷம், அதோடு டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். அந்தத் தாளின் 150 மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்று பார். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, மீதி 60 சமூக அறிவியல் அல்லது கணக்கும் அறிவியலும். மூன்று வருஷம் மேஜராகப் படித்த பாடத்துக்கு அங்கே ஐந்தில் ஒரு பங்குதான். தமிழுக்கும் அதே பங்கு. எம்.ஏ.வும் பி.எட்.டும் முடித்து முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதினாலும், கட்டாயத் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் உன் ஆங்கிலத் தாள் கணக்கிலேயே வராது. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 100 தமிழ். மேஜர் ஆங்கிலம்தானே என்று தமிழை ஒப்புக்குப் படித்துவிட்டுப் போகிறவர்கள் தங்கள் வாய்ப்பைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள். கல்லூரி வேலைக்கு நெட் அல்லது செட், இல்லையென்றால் பிஎச்.டி. வேண்டும். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு ஆராய்ச்சி செய்யலாம். ஆனால் நிரந்தரப் பணியிடங்கள் எப்போதாவதுதான் அறிவிக்கப்படுகின்றன. கௌரவ விரிவுரையாளராகவே வருஷங்களைக் கழிப்பவர்கள் ஏராளம். அப்பாவுடைய பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் என்ன செய்ய முடியும் என்பதற்கு நீ வேறெங்கும் போய்த் தேட வேண்டாம். ரமண மகரிஷியைப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் ஆங்கிலத்தில் கேட்டார்கள். அவர் பெரும்பாலும் தமிழில் பதில் சொன்னார். நடுவில் இருந்து மொழிபெயர்த்தவர்களில் முனகால வெங்கடராமய்யா ஒருவர். 1935 முதல் 1939 வரை ஆசிரமத்தில் நடந்த உரையாடல்களை அவர் ஆங்கிலத்தில் குறித்துவைத்தார்; அது 1955இல் நூலாக வந்தது. நாற்பதுகளின் நடுவில் வழக்கறிஞர் தேவராஜ முதலியார் நாட்குறிப்பாக எழுதியதும் அதே மாதிரியான வேலைதான். நம் ஊர் மலையடிவாரத்தில் தமிழில் பேசிய பேச்சை உலகம் இன்று ஆங்கிலத்தில் படிக்கிறதென்றால், அது இவர்களைப் போன்றவர்களின் உழைப்பு. அவர்கள் சம்பளத்துக்காக அதைச் செய்யவில்லை என்பதும் உண்மை. இன்றைக்கும் மொழிபெயர்ப்பு மட்டுமே சோறு போடும் என்று உனக்கு நான் ஆசை காட்ட மாட்டேன். மலையாளத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்த நாவலுக்காக 2019ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு பெற்ற கே.வி. ஜெயஸ்ரீ நம் ஊர்க்காரர். ஆசிரியப் பணியில் இருந்தபடியே அதைச் செய்தவர். ஆனால் காலம் மாறிவருகிறது. 2023இல் பெருமாள்முருகனின் நாவல் அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கிலத்தில் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலுக்குப் போனது. 2025இல் அந்தப் பரிசையே வென்ற கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கும் மொழிபெயர்ப்பாளர் தீபா பாஸ்தியும் 50,000 பவுண்டைச் சரிபாதியாகப் பெற்றார்கள். மொழிபெயர்ப்பாளரை எழுத்தாளருக்குச் சமமாக உட்காரவைக்கும் காலத்தில் நீ படிக்கப்போகிறாய்.

இதையெல்லாம் இனி ஏ.ஐ. செய்துவிடுமே என்று உன் அண்ணன் சொல்கிறானாம். பாதி சரி. விளம்பர வாசகம், கடைகளுக்கான பொருள் விவரம் போன்ற எளிய எழுத்து வேலைகள் குறையும். அதை நம்பி நீ சேரக் கூடாது. மீதிப் பாதியையும் அவனிடம் சொல். உச்ச நீதிமன்றம் 2019 முதல் தீர்ப்புகளை இந்திய மொழிகளில் பெயர்க்க ஒரு மென்பொருளைப் பயன்படுத்துகிறது. ஆனாலும் அது தருவதை மொழிபெயர்ப்பாளர்கள் சரிபார்க்கிறார்கள். தவறினால் ஒருவருடைய நிலமோ விடுதலையோ பாதிக்கப்படும் இடத்தில் படித்துப் பார்க்க ஆள் வேண்டும். சென்னையிலும் புதுச்சேரியிலும் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்காக ஆய்விதழ்களைத் திருத்தித் தரும் நிறுவனங்களிலும் இதே கதைதான். எழுவாயும் பயனிலையும் ஒத்துப்போவதைக் கணினி பார்த்துவிடும். கட்டுரையில் மூன்றாம் அட்டவணை என்று சொல்லியிருப்பது உண்மையில் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறதா, ஆசிரியர் எடுத்த முடிவை அவர் காட்டும் சான்று தாங்குகிறதா என்பதைப் பொறுமையாகப் படிக்கிறவர்தான் கண்டுபிடிக்க முடியும். நோட்ஸ் வாங்கி, நாடகத்தின் கதைச்சுருக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்து பாஸாகிறவருக்கு அந்தப் பொறுமை வராது. பட்டம் இருந்தும் வேலை இல்லை என்று பேசுகிறோமே, அதில் பாதிக்கு மேல் இந்த நோட்ஸ் படிப்பின் விளைவு என்றே நினைக்கிறேன்.

ஆகவே, கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரிக்குத் தயங்காமல் விண்ணப்பம் போடு. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதில் ஒரு பகுதியைப் புத்தகத்துக்கென்று ஒதுக்கு. வேறு கல்லூரி கிடைத்து, மொழிப்பாடமான முதல் பகுதிக்கு இந்தியோ பிரெஞ்சோ எடுத்தால் மார்க் அள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, தமிழையே எடு. முதல் செமஸ்டரிலிருந்து வாரம் ஒரு பக்கம் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும், ஒரு பக்கம் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் பெயர்த்து எனக்கு அனுப்பு, திருத்தி அனுப்புகிறேன். பி.எட்., எம்.ஏ. எல்லாம் சேர்த்து ஏழு வருஷம் ஆகும் என்பதை இப்போதே அப்பாவிடம் சொல்லிவிடு. அந்த ஏழு வருஷத்துக்கு வீடு தாங்குமா என்பதை நானும் அவரும் பேசிக்கொள்கிறோம்.

அன்புடன்,
மாமா