புரோட்டான் சிகிச்சை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: புரோட்டான் கட்டியோடு நின்றுவிடும், பின்னால் உள்ள உறுப்புக்கு ஒன்றும் ஆகாது.

சென்னை தரமணியில் 2019-இல் புரோட்டான் மையம் திறக்கப்பட்ட பிறகு இங்கேயும் பரவிய பேச்சு இது. பாதிதான் உண்மை. எக்ஸ் கதிர் உடலைத் துளைத்து மறுபக்கம் வெளியேறும். புரோட்டான் உள்ளேயே நிற்கும், நிற்கப்போகும் இடத்தில்தான் ஆற்றலை மிக அதிகமாகக் கொட்டும். அந்த இடத்துக்குப் ‘பிராக் உச்சம்’ என்று பெயர். அது எங்கே விழும் என்பதை சிடி ஸ்கேனை வைத்துத்தான் கணிக்கிறார்கள். அந்தக் கணிப்பில் பிழை உண்டு. ஆழத்தில் 3.5 சதவீதம், அதோடு ஓரிரு மில்லிமீட்டர் என ஓரம் விடுவது பல மையங்களில் வழக்கம். 10 செ.மீ. ஆழத்தில் 3.5 சதவீதம் என்றாலே 3.5 மி.மீ. தண்டுவடத்தை ஒட்டிய கட்டியில் இது சின்ன விஷயமல்ல.

நம்பிக்கை: கணினி திட்டம் போட்டுவிட்டால் போதும், கதிரை அளந்து பார்ப்பது வெறும் சடங்கு.

இல்லை. மெல்லிய கற்றை ஆயிரக்கணக்கான புள்ளிகளில், அடுக்கடுக்காக ஆற்றலை மாற்றிக்கொண்டு கட்டியை நிரப்புகிறது. ஒரு புள்ளியில் அளவு சரியாக இருப்பதால் பக்கத்துப் புள்ளியும் சரி என்று ஆகிவிடாது.

நம்பிக்கை: கதிரை அளக்கும் ஜெல்லில் முப்பரிமாணமாகவே பார்த்துவிடலாமே, வேறு கருவி எதற்கு?

மூன்றில் இதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது, ஏனென்றால் படம் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. கதிர் பட்ட இடத்தில் ஜெல்லில் உள்ள சிறு மூலக்கூறுகள் பாலிமராக இணைகின்றன. கதிரின் அளவு கூடக்கூட இணைப்பும் கூடும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் அளவின் முழு வடிவமும் தெரியும். ஆனால் பிராக் உச்சத்தில் அயனிகள் நெருக்கமாக உருவாகின்றன. அங்கே பிறக்கும் தனி உறுப்புகளில் (free radicals) பல, ஜெல்லோடு வினைபுரியும் முன்பே ஒன்றோடொன்று சேர்ந்து அழிந்துவிடுகின்றன. ஆகவே கதிர் மிகுந்து விழும் இடத்திலேயே ஜெல் குறைத்துக் காட்டுகிறது. கதிர்ப்படலத்துக்கும் ஒளிர்பொருள் கருவிக்கும் இதே குறை உண்டு. கார்பன் அயனிச் சிகிச்சையில் இது இன்னும் கடுமை. அந்தப் படத்தை அப்படியே நம்பி அளவைக் கூட்டினால், நோயாளிக்குத் தேவைக்கு மேல் கதிர் போய்விடும்.

தண்ணீர்த் தொட்டியில் வைக்கும் ‘அயனியாக்க அறை’ என்ற அளவுகருவியில் இந்தக் குறை மிகச் சிறிது. அதனால்தான் உலகெங்கும் கிரே (கதிரளவின் அலகு) கணக்குக்கு இன்றும் அதுவே அடிப்படை. வடிவத்தைச் சரிபார்க்கவே ஜெல் துணை நிற்கிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை முடிவானால், திட்டத்தை எந்தக் கருவியால் அளந்தார்கள், எத்தனை மில்லிமீட்டர் ஓரம் விட்டிருக்கிறார்கள் என்று மருத்துவ இயற்பியலாளரிடம் தயங்காமல் கேளுங்கள்.