லித்தியம் மின்கலம்: அச்சிட்ட ஆம்பியரும் அளந்த ஆம்பியரும்

கைப்பேசி, டார்ச் விளக்கு, பவர் பேங்க், மின் ஸ்கூட்டர் என்று ஏதேனும் ஒரு வடிவில் லித்தியம் அயனி மின்கலம் நுழையாத வீடு இன்று அரிது. 1991-ஆம் ஆண்டு சோனி நிறுவனம் இதை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் வளர்ச்சிக்கு அடிகோலிய குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பிழைப்புக்காக வந்து நாம் வேரூன்றிய இந்தச் சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்கும் மின்கலத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. கல்லா ராமச்சந்திர நாயுடு 1985-இல் தொடங்கிய அமர ராஜா நிறுவனத்தைத் தெரியாதவர் இங்கு இல்லை. திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் ஈய மின்கலங்களால் பெயர்பெற்ற அந்நிறுவனம், 2021-இல் திருப்பதியிலேயே லித்தியம் செல் ஆய்வு மையம் ஒன்றையும் அமைத்தது. சென்னையைச் சேர்ந்த முனோத் இண்டஸ்ட்ரீஸ் 165 கோடி ரூபாய் முதலீட்டில் திருப்பதியில் நிறுவிய லித்தியம் செல் தொழிற்சாலையின் முன்னோட்ட உற்பத்தி 2022 செப்டம்பரில் தொடங்கியது. பவர் பேங்குகளுக்கான 10 ஆம்பியர் மணி செல்களை நாளொன்றுக்கு 20,000 வரை செய்யும் திறனுடன் அது அமைக்கப்பட்டது.

செய்கிறவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். வாங்குகிற நாம் செல்லின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இரண்டு எண்கள்

செல்லுக்கு முக்கியமான எண்கள் இரண்டு. முதலாவது கொள்திறன், இதை ஆம்பியர் மணியில் சொல்வார்கள். இரண்டாவது, அது பாதுகாப்பாகத் தரக்கூடிய மின்னோட்டம். இதை ஆம்பியரில் சொல்வார்கள். மேல்நிலைத் தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்பது முதல் எண். குழாய் வழியே நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வரும் என்பது இரண்டாவது எண். பெரிய தொட்டிக்குச் சிறிய குழாயும் இருக்கலாம், சிறிய தொட்டிக்குப் பெரிய குழாயும் இருக்கலாம். ஒன்றைக் கொண்டு மற்றதை முடிவு செய்யக்கூடாது.

ரயில்வேயில் இந்த ஒழுங்கு பழையது. ரயில் பெட்டி விளக்குகளுக்கான ஈய மின்கலம் 120 ஆம்பியர் மணி என்றால், அது 12 ஆம்பியர் வீதம் 10 மணி நேரம் மின்சாரம் தரவேண்டும். அதுவரை ஒவ்வொரு செல்லின் அழுத்தமும் 1.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. சோதனையின் வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ். மின்னோட்டம், நேரம், இறுதி வோல்ட், வெப்பநிலை ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. லித்தியம் செல்லுக்கும் இது பொருந்தும்.

சோதிக்கும் முறை

18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட 18650 வகைச் செல்லை எடுத்துக்கொள்வோம். சோதனைக்கூடத்தில் அதை 4.2 வோல்ட் வரை முழுமையாக மின்னேற்றி, சற்று நேரம் ஓய்வில் வைப்பார்கள். பிறகு மாறாத மின்னோட்டத்தில் சுமை கொடுத்து, 2.5 வோல்ட் போன்ற இறுதி அளவுக்கு வரும்வரை இறக்குவார்கள். செல்லின் நடுப்பகுதியில் வெப்பமானியின் முனை ஒட்டப்பட்டிருக்கும். முதலில் குறைந்த மின்னோட்டம். அடுத்தடுத்த சோதனைகளில் 5, 5 ஆம்பியராகக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு முறையும் கிடைத்த ஆம்பியர் மணி எவ்வளவு, வெப்பம் எதுவரை ஏறியது என்று குறித்துக்கொள்வார்கள். மின்னோட்டத்தைக் கூட்டும்போது கொள்திறன் வெகுவாகக் குறைந்தாலோ, வெப்பம் வரம்பைத் தாண்டினாலோ அந்தச் செல்லின் எல்லை தெரிந்துவிடும்.

ஒரே செல்லுக்கு இரண்டு எண்கள் இருந்து, இரண்டுமே நேர்மையாகவும் இருக்கலாம். சோனி உருவாக்கி, பின்னர் முராட்டா நிறுவனத்தின் கைக்கு வந்த விடிசி-6 என்ற செல் தொடர்ச்சியாக 15 ஆம்பியர் தரும். 80 டிகிரியில் நிறுத்திவிடும் காவல் இருந்தால் 30 ஆம்பியர் வரை எடுக்கலாம். கடைக்காரர் முதல் எண்ணை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் சொல்வார். காவலைப் பற்றி வாய் திறக்கமாட்டார். சில மேலுறைகளில் அச்சிடப்படும் 40 ஆம்பியர், பெரும்பாலும் சில விநாடிகள் மட்டும் தாங்கும் அளவு அல்லது வெறும் கற்பனை.

வெப்பக் கணக்கு

செல்லின் உள்ளே சிறிய மின்தடை உண்டு. அதனால் உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் வரும். மின்தடை 20 மில்லி ஓம் என்று கொள்வோம்.

5 ஆம்பியருக்கு 0.5 வாட்
10 ஆம்பியருக்கு 2 வாட்
20 ஆம்பியருக்கு 8 வாட்
40 ஆம்பியருக்கு 32 வாட்

மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகிறது. விரல் பருமனுள்ள, 46 கிராம் எடையுள்ள ஒரு பொருளுக்குள் 32 வாட் வெப்பம் பிறந்து, வெளியேற வழியும் இல்லாவிட்டால், ஒரே நிமிடத்தில் வெப்பநிலை 40 டிகிரிக்கு மேல் உயரக்கூடும். உள்ளே இரு மின்முனைகளையும் பிரித்து வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஏறத்தாழ 130 டிகிரியில் உருகத் தொடங்கும். அது சிதைந்தால் உள்ளேயே குறுக்குச் சுற்று ஏற்படும்; பிறகு வெப்பமே வெப்பத்தை வளர்க்கும்.

இதில் நம் ஊர்க் கணக்கு ஒன்றும் உண்டு. சோதனைக்கூடத்தில் 25 டிகிரியில் தொடங்கும் செல்லுக்கு 80 டிகிரியை எட்ட 55 டிகிரி இடைவெளி இருக்கிறது. சித்திரை வெயிலில் 42 டிகிரியில் தொடங்கினால் மிஞ்சுவது 38 டிகிரிதான்.

மலை ஏறும் வண்டியை நினைத்துப் பாருங்கள். ஆட்களோடு சேர்த்து 240 கிலோ எடையுள்ள மின் ஸ்கூட்டர், ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தை 35 நிமிடத்தில் ஏறினால், அந்த ஏற்றத்துக்கு மட்டும் சராசரியாக 780 வாட் வேண்டும். 48 வோல்ட் பேட்டரியிலிருந்து அதற்கு 16 ஆம்பியர் போகும். உராய்வும் காற்றின் எதிர்ப்பும் அதற்கு மேல். இந்தச் சுமையைப் பல செல்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று பலவீனமானால் அதன் பங்கும் மற்றவற்றின் தலையில் விழும்.

2022 மார்ச்சில், சித்தூருக்கு அருகிலுள்ள வேலூரில், மின்னேற்றத்தில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, தந்தையும் 13 வயது மகளும் புகையில் மூச்சடைத்து இறந்தனர். நாட்டின் பல இடங்களில் நேர்ந்த இத்தகைய தீ விபத்துகளுக்குப் பின், மின் வாகன பேட்டரிகளுக்கான ஏஐஎஸ்-156 என்ற பாதுகாப்பு விதி கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

வீட்டில் செய்யத்தக்கவை

மேலே சொன்ன மின்னிறக்கச் சோதனையை வீட்டில் செய்து பார்க்கவேண்டாம். அது காவல் கருவிகள் உள்ள சோதனைக்கூடத்து வேலை. வீட்டில் செய்யக்கூடியவை வேறு உண்டு.

1. எண்ணைச் சந்தேகியுங்கள். 18650 செல்லின் உண்மையான கொள்திறன் 3,600 மில்லி ஆம்பியர் மணியைத் தாண்டுவது அரிது. 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய்.

2. எடை போடுங்கள். நல்ல செல் 45 கிராம் அளவில் இருக்கும். கையில் எடுத்தாலே இலேசாகத் தெரிந்தால் வாங்காதீர்கள்.

3. கடைக்காரரிடம் கேளுங்கள்: "இந்த ஆம்பியர் எவ்வளவு நேரத்துக்கு? எந்த வெப்பம் வரைக்கும்?" விடை இல்லையென்றால் அந்த எண்ணை நம்பவேண்டாம்.

4. பவர் பேங்க், பேட்டரி வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண்ணும், பேட்டரியானால் ஐஎஸ் 16046 என்ற குறியும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

5. உறை கிழிந்த, உப்பிய, கீழே விழுந்து நசுங்கிய செல்லை உபயோகிக்காதீர்கள். படுக்கையறையிலோ வெளியேறும் வாசலருகிலோ வைத்து இரவு முழுவதும் மின்னேற்றாதீர்கள்.

பாரம் தூக்கியின்மேல் எழுதப்படும் பாதுகாப்பான எடை, உண்மையான பாரத்தைத் தூக்கிப் பார்த்த பிறகு எழுதப்படுவது. மின்கலத்தின் ஆம்பியரும் அவ்வாறே அளந்து எழுதப்பட்டதாக இருக்கவேண்டும். அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. பிள்ளைகள் உறங்கும் வீட்டில் அது நம் கடமையும்கூட.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு செல்லின் உள் மின்தடை 25 மில்லி ஓம். 12 ஆம்பியர் எடுத்தால் எத்தனை வாட் வெப்பம் உண்டாகும்? 24 ஆம்பியர் எடுத்தால்?

விடை: 3.6 வாட், 14.4 வாட்.